அண்ணாவின் துறைமுகத்துக்கு ஆள் சேர்த்தது

எனக்கு முதன்முதல் கிடைத்த கூட்டாளிகள் மூன்று பேர். ஜூட், ரொஷான், கபிலன். மூவரையும் ஒரு கிழமைக்குள் நானே உண்டாக்கினேன். இந்த நினைவில் பெயர் உள்ளவர்கள் அவர்கள் மட்டும்தான். மற்றவர்கள் எல்லாரும் உண்மையாக இருந்தவர்கள் என்பதால் அண்ணா, அம்மா, மாமா என்றே எழுதுகிறேன்.

கொட்டாஞ்சேனையில் ஒரு ஒழுங்கைக்குள் மூன்றாம் மாடியில் நாங்கள் இருந்தோம். கீழே, அதே கட்டடத்தில், அம்மாவின் தம்பியான மாமா ஒரு கொம்பியூட்டர் கடை வைத்திருந்தார். ஆறு மெஷின்கள். காலையில் விண்ணப்பம் டைப் அடிக்க வருவார்கள், பள்ளிக்கூடம் விட்டபின் பொடியன்கள் விளையாட வருவார்கள். அப்பா துறைமுகத்தில் கிளார்க். அண்ணாவுக்கும் எனக்கும் ஏழு வயது வித்தியாசம். எனக்குப் பன்னிரண்டு, அவருக்குப் பத்தொன்பது.

உயர்தரப் பரீட்சை எழுதிய வருடமே அண்ணாவின் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டுவிட்டன. கிழமைக்கு இரண்டு நாள் இரத்தம் சுத்தம் செய்ய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அப்பாவும் மாமாவும் அவரை ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி மூன்று மாடியும் தூக்கி இறக்குவார்கள். மற்ற நாட்களில் ஜன்னலோர அறைதான் அவருக்கு உலகம். குடிக்கும் தண்ணீர்கூட அளவாகத்தான். காலையில் அம்மா ஒரு போத்தலில் ஊற்றிவைப்பார், நாள் முழுக்க அவ்வளவுதான்.

அந்த அறையில் அண்ணா ஒரு துறைமுகம் கட்டிக்கொண்டிருந்தார்.

அது ஒரு கொம்பியூட்டர் விளையாட்டு. வெல்வதும் இல்லை, தோற்பதும் இல்லை. வெறும் நிலமும் கடலும் தருவார்கள். கல் உடைத்து, மண் அள்ளி, விரும்பியதைக் கட்டிக்கொள்ளலாம். ஒருவர் மட்டும் விளையாடுவதற்காகச் செய்யப்பட்டது. வெளிநாட்டில் யாரோ அதைப் பிரித்து, பலர் ஒரே நிலத்துக்குள் வந்து சேர்ந்து கட்டும்படி மாற்றியிருந்தார்கள். அப்படி மாற்றியதை மொட் என்பார்கள். அண்ணா அந்த மொட்டையும் திறந்து, அதற்குள் தன் சாமான்களைப் போட்டார். மாட்டுவண்டி இருந்த இடத்தில் திரீவீலர் வந்தது. மரம் தூக்கும் எந்திரம் அப்பாவின் துறைமுகத்துப் பாரந்தூக்கியாக மாறியது. அண்ணாவின் ஜன்னலிலிருந்து கடைக்கு ஒரு வயர் இறங்கியது. மழைத்தண்ணீர் போகும் குழாயோடு சேர்த்து மாமா அதைக் கட்டிவிட்டிருந்தார். கீழே எந்த மெஷினில் இருந்தாலும் மேலே அண்ணாவின் துறைமுகத்துக்குள் போகலாம்.

போவதற்குத்தான் ஆள் இல்லை.

துறைமுகத்தின் வாசலுக்கு அண்ணா ஒரு பெரிய இரும்புக் கதவு செய்திருந்தார். அதைத் தூக்க நான்கு வின்ச், அதாவது கயிறு சுற்றும் எந்திரம். நான்கையும் நான்கு பேர் ஒரே நேரத்தில் பிடித்துச் சுற்றினால்தான் கதவு எழும்பும், கப்பல் உள்ளே வரும். அண்ணா கரையில் நின்று மணி அடிப்பார். வின்ச்சுக்கு என்னோடு இன்னும் மூன்று பேர் வேண்டும்.

“நீங்களே மாத்தி எழுதலாம்தானே, ஒரு வின்ச் எண்டு?” என்று கேட்டேன்.

“மாத்தலாம். மாத்த மாட்டன். கீழ அவ்வளவு பொடியன்கள் வாறாங்கள். மூணு பேரைக் கூட்டிட்டு வா.”

இதைவிட அவர் என்னைக் கட்டுமரத்தில் இந்தியாவுக்குப் போகச் சொல்லியிருக்கலாம். எனக்குப் பேச்சு வராது. திக்குவாய் இல்லை, வெட்கம். வகுப்பில் பெயர் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்குவேன். கடைக்கு வழக்கமாக வரும் மூன்று பொடியன்கள் இருந்தார்கள், என்னைவிட ஒரு வகுப்புக் கூட. அவர்கள் கார் ஓட்டும் விளையாட்டு விளையாடுவார்கள். நான் பின்னால் போய் நிற்பேன். கேட்க வேண்டியதை மனதுக்குள் மூன்று தரம் சொல்லிப் பார்ப்பேன். அதற்குள் கண்ணாடி போட்டவன் திரும்பிப் பார்த்துவிடுவான்.

“ஸ்டெச்சு வந்துட்டுதுடா. சிலைக்கு ஆராவது பூ வையுங்க.”

மற்ற இரண்டு பேரும் சிரிப்பார்கள். நான் படியேறி வந்துவிடுவேன். நான்கு நாள் இப்படி நடந்தது. ஐந்தாம் நாள் அண்ணா கேட்டார், “கேட்டியா?”

“கேட்டன். ஒருத்தன் வாறன் எண்டான்.”

“பேர் என்ன?”

எதிரே சுவரில் கோயில் கலண்டர் தொங்கியது. அந்த மாதத்துப் படத்தில் புனித யூதா நின்றார், கீழே ஆங்கிலத்தில் செயின்ட் ஜூட் என்று இருந்தது.

“ஜூட்,” என்றேன்.

அண்ணாவின் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்தபின் அதைத் திருப்பி எடுக்க என்னால் முடியவில்லை.

மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம் மாமா கடைக்கதவைப் பாதி இறக்கிவிட்டு, உள்ளறையில் சாப்பிட்டுச் சற்றுக் கண்ணயருவார். அந்த முக்கால் மணி நேரம் கடை என்னுடையது. இரண்டாம் மெஷினில் மொட்டைத் திறந்து, ஜூட் என்று பெயர் அடித்தேன். ஜூட் வெறுங்கையோடு இறங்குதுறையில் வந்து விழுந்தான். சிவப்புத் தொப்பி போட்ட அண்ணா அங்கே காத்துக்கொண்டிருந்தார். ஆங்கில எழுத்தில் தமிழை அடித்துத்தான் கதைப்போம்.

“வாங்கோ ஜூட். உங்களைக் கூட்டிட்டு வந்தவர் எங்க?”

ஆளைக் கூட்டிவந்தவனும் கூடவே நடக்க வேண்டும் என்பது அண்ணாவின் சட்டம். முதலாம் மெஷினுக்கு ஓடி நானாக வந்து நின்றேன். இரண்டு கதிரைக்கும் நடுவில் நின்று, இடக்கையால் என்னையும் வலக்கையால் ஜூட்டையும் நடத்தினேன். அண்ணா ஜூட்டுக்கு ஒரு பிக்காசு, ஒரு விளக்கு, சாப்பிட ஒரு இறாத்தல் பாண் கொடுத்தார். எந்த இடத்தில் தோண்டினால் கடல் உள்ளே வரும் என்று காட்டினார். அவனுக்கென்று ஒரு துண்டு நிலம் அளந்து கொடுத்தார். அலை தடுக்கும் சுவரில் ஒரு கல்லை அவன் கையாலேயே வைக்கச் சொன்னார். அதன்பிறகு வாசல் பலகையில் அவன் பெயர் ஏறியது.

கடைசியாக ஒரு பாடம் இருந்தது. “இனி நீங்களும் ஆள் கூப்பிட வேணும் ஜூட். எப்படிக் கூப்பிடுவீங்கள்? எழுதிக் காட்டுங்கோ.”

ஜூட் எழுதினான். மன்னிக்க வேண்டும் என்று தொடங்கி, நேரம் இருந்தால், விருப்பம் இருந்தால், இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வேறு யாரையாவது கேட்கலாம் என்று முடித்தான்.

“இதைக் கேட்டு முடிக்கிறதுக்குள்ள அவன் வீட்ட போயிடுவான்,” என்று அண்ணா பதில் போட்டார். “மன்னிப்புக் கேட்காதிங்கோ. காரணம் சொல்லாதிங்கோ. வாறியா எண்டு கேட்டுட்டுப் பேசாம நில்லுங்கோ. நிக்கிறதுதான் கஷ்டம். நில்லுங்கோ.”

இரண்டு நாள் கழித்து ரொஷான் வந்தான். அந்தப் பெயரைப் பேக்கரிப் பலகையிலிருந்து எடுத்தேன். மின்கம்பத்தில் ஒட்டியிருந்த டியூஷன் நோட்டீசிலிருந்து கபிலன் வந்தான். ஒவ்வொருவருக்கும் அண்ணா தொடக்கத்திலிருந்து எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தார். அதே பிக்காசு, அதே பாண், அதே கல், அதே கடைசிப் பாடம். விரல்கள் வீங்கியிருந்ததால் அவர் மெதுவாகத்தான் அடிப்பார். இவ்வளவு கெட்டிக்கார அண்ணா இவ்வளவு சுலபமாக ஏமாறுகிறாரே என்று எனக்கு அவர்மேல் பரிதாபம்கூட வந்தது.

என்னால் முடியாததெல்லாம் அவர்களால் முடிந்தது. ஜூட் பகிடி விட்டு அண்ணாவைச் சிரிக்கவைத்தான். ரொஷான் அண்ணாவோடு சண்டை பிடித்து, வெளிச்சவீட்டை இரண்டு அடி தள்ளிக் கட்டவைத்தான். கபிலன் ஓயாமல் கேள்வி கேட்பவன். ஒருநாள் அவன், “அண்ணா, உங்களுக்கு நோகுமா?” என்று கேட்டுவிட்டான். நான் ஒருபோதும் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் யாரும் கேட்பதில்லை.

எழுத்தெழுத்தாகப் பதில் வந்தது.

“ஊசி ஏத்தேக்க நோகும். மற்றபடி களைப்புத்தான். இந்த நத்தார்ப் பண்டிகைக்கு நான் இருப்பனோ தெரியா கபிலன். தம்பிக்கு இதைச் சொல்லாதிங்கோ. அவன் பயப்பிடுவான்.”

சொல்ல மாட்டேன் என்று கபிலன் வாக்குக் கொடுத்தான். மெஷினை அணைத்துவிட்டு நான் நெடுநேரம் அந்தக் கதிரையிலேயே இருந்தேன். பிறகு மேலே போனபோது, எனக்கு ஒன்றும் தெரியாத மாதிரி அண்ணாவுக்கு விசிறி போட்டேன். கபிலனுக்குச் சொன்னது கபிலனோடுதான் இருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை கதவைத் தூக்குவது என்று அண்ணா நாள் குறித்தார். நான்கு பேரும் ஒரே நேரத்தில் வர வேண்டும். ஒவ்வொரு வின்ச்சுக்கும் ஒரு விசையை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். எனக்கோ இரண்டு கைகள்.

மாமா சாப்பிடப் போனதும் நான்கு மெஷின்களைத் திறந்து நால்வரையும் வின்ச்சடியில் கொண்டுபோய் நிறுத்தினேன். ஜூட்டின் விசைமேல் ஸ்டேப்ளரை வைத்தேன். கபிலனுடையதன்மேல் மாமாவின் கைபோன். அந்தக் காலத்துக் கைபோன்கள் நல்ல பாரம். ரொஷானுக்கு ஒன்றும் அகப்படவில்லை. காசு போடும் மேசை லாச்சிக்கு மேலே, சின்ன பல்ப் எரியும் தட்டில், அந்தோனியார் சுருபம், ஒரு சாண் சிலை, இருந்தது. ஒரு நிமிடம் யோசித்தேன். பிறகு அவரை இறக்கி, பாதம் சரியாக விசையில் படும்படி நிறுத்தினேன். என் வின்ச்சை நான் பிடித்துக்கொண்டேன். அண்ணா மணி அடித்தார்.

கதவு எழும்பியது. கப்பல் உள்ளே வந்தது. அண்ணா அதற்கு வெள்ளையும் நீலமும் பூசியிருந்தார்.

“ஜூட், எப்படி இருக்குது?” என்று அண்ணா கேட்டார். ஸ்டேப்ளரைத் தட்டிவிட்டு ஜூட்டாகப் பதில் அடித்தேன். “ரொஷான்?” அந்தோனியாரைத் தூக்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு ரொஷானாக அடித்தேன். “கபிலன்? தம்பி?” கதிரையிலிருந்து கதிரைக்கு ஓடினேன். ஒருவன் அசையும்போது மற்ற மூவரும் கல்லாக நின்றார்கள்.

“எல்லாருக்கும் மூச்சு வாங்குது போல,” என்று அண்ணா எழுதினார். “போய்த் தண்ணி குடியுங்கோ. எனக்கும் சேர்த்துக் குடியுங்கோ.”

அன்று பின்னேரம் நான் மேலே போனபோது அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. என் கன்னத்தைத் தடவி, “மூணு கூட்டாளிமாரா என்ர பிள்ளைக்கு?” என்றார். என்னை நினைத்து அம்மாவுக்குப் பெரிய கவலை. இவன் நாளைக்கு எப்படிப் பிழைப்பான் என்று அப்பாவிடம் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். “வாற ஞாயிறு பூசை முடிய வீட்ட கூட்டிட்டு வாங்க மகன். நான் பெட்டிஸ் சுடுறன்.”

ஞாயிற்றுக்கிழமை அம்மா மீன் அடைத்து முப்பது பெட்டிஸ் பொரித்தார். அண்ணா வெள்ளைச் சேர்ட் போட்டுக் கட்டிலில் சாய்ந்து இருந்தார். நான் பதினொரு மணிவரை ஒழுங்கை முனையில் நின்றுவிட்டு மேலே வந்து, ரொஷானுக்குக் கூகைக்கட்டு, கன்னம் வீங்கிவிட்டது என்று சொன்னேன்.

“மற்ற ரெண்டு பேருக்கும்?” என்றார் அண்ணா.

“அவங்களுக்கும் தொத்திட்டுது.”

“மூணு பேருக்குமா? பாவம்.” அவர் என்னையே பார்த்தார். பிறகு, உப்புக் கூடாது என்று அம்மா தடுக்கத் தடுக்க, ஒரு பெட்டிஸ் எடுத்து மெதுவாகச் சாப்பிட்டார். “சுகமான பிறகு கூட்டிட்டு வா. வின்ச்சுக்கு இல்லாட்டியும் பரவாயில்ல. சும்மா வரட்டும்.”

புதன்கிழமை அண்ணாவுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கதிரையில் தூக்கி இறக்கினார்கள். வெள்ளிக்கிழமை அப்பா மட்டும் வந்து, அம்மாவின் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்தார்.

அண்ணாவின் பெட்டியை அந்தப் படிகளில் ஏற்றுவதற்கு ஆறு பேர் பட்ட பாட்டை இன்றும் நினைக்கிறேன். ஒழுங்கை முழுக்க வெள்ளைக் கொடி. வீடு நிறையச் சனம், செபமாலை, மெழுகுதிரி வெக்கை. நான் ஒரு மூலையில் நின்றேன். அம்மா அழுவதை நிறுத்திவிட்டு என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

“உங்கட கூட்டாளிமார் வரேல்லையா மகன்? அண்ணா எத்தனை தரம் சொன்னார். அவங்களுக்குச் சொல்லேல்லையா?”

சொல்லியிருக்கிறேன் என்றேன். கீழே போய்ப் பார்த்துவருகிறேன் என்றேன். படியிறங்கி எங்கேயாவது ஓடிவிடுவது என்றுதான் இறங்கினேன். மாமாவின் கடைக்கதவு மூடியிருந்தது. அதன் முன்னால் அந்த மூன்று பொடியன்களும் நின்றார்கள். கடை பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு, போவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றிருக்க வேண்டும். கண்ணாடிக்காரன் என்னைப் பார்த்து வாயைத் திறந்தான், பிறகு மூடிக்கொண்டான்.

“மேல வாறீங்களா?” என்றேன்.

வேறொன்றும் சொல்லவில்லை. நின்றேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மூன்று பேரும் செருப்பைக் கழற்றினார்கள்.

மூன்று மாடிப் படிகளுக்குள் நான் அவர்களை ஆயத்தப்படுத்த வேண்டியிருந்தது. வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நான் கதைத்ததில்லை. முதல் மாடியில், அண்ணாவின் துறைமுகத்தைச் சொன்னேன். நீ ஜூட், உனக்கு அண்ணா தந்தது ஒரு பிக்காசு, கடலோரத்து நிலம், நீ வாயாடி. நீ ரொஷான், வெளிச்சவீட்டை நீதான் தள்ளிக் கட்டச் சொன்னாய். நீ கபிலன். இரண்டாம் மாடியில், உங்கள் மூவருக்கும் போன கிழமை கூகைக்கட்டு வந்து சுகமாகிவிட்டது என்றேன்.

“மூணு பேருக்கும் ஒண்டாவா?” என்றான் கண்ணாடிக்காரன்.

“ஓம்.”

“சரி,” என்றான்.

அம்மா மூவரையும் பெட்டியருகே கூட்டிப்போனார். “இதில ஜூட் ஆர்?”

கண்ணாடிக்காரன் கண்ணாடியைக் கழற்றிச் சேர்ட்டில் துடைத்தான். “நான்தான் அன்டி.” கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டான். “அண்ணா எனக்கு ஒரு பிக்காசு தந்தவர்.”

அம்மா அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். மற்ற இருவரும் கேட்காமலே தங்கள் பெயரைச் சொன்னார்கள். அடக்கம் முடியும்வரை மூன்று பேரும் நின்றார்கள்.

அந்த மாத முடிவில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். மரத்தட்டிக்கு இந்தப் பக்கம் முழங்காலில் இருந்து, இல்லாத மூன்று பேரை உண்டாக்கி அண்ணாவை ஏமாற்றினேன், பிறகு வேறு மூன்று பேரைக் கூட்டிவந்து செத்தவீட்டில் அம்மாவையும் ஏமாற்றினேன், அந்தோனியாரை வின்ச்சுக்குப் பயன்படுத்தினேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் கோயில் குருவான சுவாமிக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. அருள் நிறைந்த மரியே செபத்தை மூன்று தரம் சொல்லச் சொன்னார். “இனி அந்தப் பொய்யைத் தொடராதிங்கோ மகன்,” என்றார். தொடர மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அண்ணா ஏமாறவில்லை என்பது எனக்கு மிகவும் பிந்தித்தான் தெரியவந்தது. பல வருடத்துக்குப் பிறகு, கடையை விற்றுச் சாமான் கட்டிக்கொண்டிருந்த அன்று மாமா சொன்னார்.

“முதல் நாளே அவனுக்குத் தெரியும்டா. எந்த மெஷினில ஆர் இருக்கிறது எண்டு மேல தெரியாதா? நாளுக்கு ஒருக்கா எனக்கு ஃபோன் பண்ணிக் கேப்பான், மாமா, இண்டைக்காவது அவனுக்குப் பக்கத்தில ஆராவது இருக்கிறாங்களா எண்டு. நானும் இல்லையெண்டுதான் சொல்லுவன்.”

அதை யோசிக்கும்போதெல்லாம் கபிலனுக்கு வந்த பதில் ஞாபகம் வருகிறது. யாருக்கு அதை எழுதுகிறோம் என்று தெரிந்தே அந்த வீங்கிய விரல்கள் எழுதியிருக்கின்றன.

ஆனால் அண்ணா இறந்த அந்த வருடம் எனக்குப் பன்னிரண்டு வயது. ஒரு சனிக்கிழமை பின்னேரம் கதவு தட்டப்பட்டது. நான் அண்ணாவின் அறையில் படுத்திருந்தேன். அம்மா போய்த் திறந்தார்.

“அன்டி, அவன் இருக்கிறானா? கடைக்கு வாறானா எண்டு கேக்க வந்தம்.”

கண்ணாடிக்காரனின் குரல். மற்ற இருவரும் பின்னால் நின்று ஏதோ சொல்லிச் சிரித்துக்கொள்வதும் கேட்டது. அம்மா உள்ளே வந்தபோது முகம் மலர்ந்திருந்தது, அண்ணா போனபின் முதல்தடவையாக. நான் போர்வையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டு, தலை இடிக்கிறது, நித்திரை என்று சொல்லுங்கள் என்றேன். அடுத்த சனிக்கிழமையும் வந்தார்கள். அதற்கடுத்த கிழமை கண்ணாடிக்காரன் மட்டும் வந்தான். பிறகு ஒருவரும் வரவில்லை.

அவர்கள் செத்தவீட்டுக்காக நான் இரவல் வாங்கிய ஆட்கள் என்றும், வேலை முடிந்தபின் அவர்களோடு சேர்ந்து திரிந்தால் அதே பொய்யைத் தொடர்வதாகும் என்றும் நான் நம்பினேன். சுவாமிக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறேன் என்று, அவர்கள் படியிறங்கும் சத்தம் முழுவதும் அடங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். அந்த மூன்று பேரும் என்னைத் தேடித்தான் அவ்வளவு படி ஏறி வந்தார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.